இடர் தெரியாதவர்கள் யார்?

தலைமன்னார்க் கரையில் பெரிய நட்டம் ஒன்று நடந்தால், கொஞ்ச நாளில் அதற்கொரு செயலமர்வும் நடக்கும். மன்னார் நகரில் மண்டபம் எடுப்பார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்கள், கருவாடு போடும் பெண்கள் குழுவின் பொருளாளர், ஐஸ் வைத்து மீன் ஏற்றும் வியாபாரிகள் எல்லாரும் வந்து குந்தியிருப்பார்கள். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் திரையில் ஐந்துக்கு ஐந்து கட்டமொன்றைக் காட்டுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஓர் இடர் எத்தனை தரம் வரக்கூடும், வந்தால் எவ்வளவு அடிக்கும் என்று இரண்டு எண் போட்டுப் பெருக்கச் சொல்வார். பின்னேரம் தேநீரோடு சான்றிதழும் கிடைக்கும்.

அந்த வளவாளர்மேல் எனக்குக் கோபமில்லை. படித்ததை அவர் உண்மையாகவே சொல்லிக்கொடுக்கிறார். அவரை இங்கே அனுப்பிவைக்கும் எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. அந்த எண்ணம் இதுதான்: இந்தச் சனத்துக்குத் தொழிலில் வரும் இடரைக் கையாளத் தெரியாது; தெரிந்தவர்கள் தலைநகரத்துக் கம்பனிகளிலும் வங்கிகளிலும் இருக்கிறார்கள்; அவர்களுடைய அறிவைக் கொஞ்சம் கரைக்கு இறக்கினால் நட்டம் குறையும். அரச அலுவலர்கள் இதை நம்புகிறார்கள். நன்கொடை நிறுவனங்கள் நம்புகின்றன. பல்கலைக்கழகம் போய் வந்த எங்கள் பிள்ளைகளும் நம்புகிறார்கள். கேட்டுக் கேட்டுக் கடற்றொழிலாளரே பாதி நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த நம்பிக்கை பிழையானது. கடந்த நூற்றிருபது வருடங்களில் மன்னார்க் கடலைச் சூழ்ந்து நடந்த பெரிய நட்டங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றைத் தொடக்கிவைத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். கடைசியில் சுமந்தவர்களில் அநேகர் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்களிலிருந்து தொடங்குகிறேன். மன்னார் வளைகுடாவில் 1891க்குப் பிறகு பதினொரு வருடம் சலாபமே, அதாவது முத்துக்குளிப்பே, நடக்கவில்லை. பார்களில் சிப்பி இல்லை. வருமானம் போன கவலையில் அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. 1902 ஜனவரியில் அவர் வந்தார். உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னெல். அவர்களுடைய ஆய்வை லண்டன் ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய பாகங்களாக வெளியிட்டது. அந்தக் காலத்தில் உலகின் எந்த மீன்பிடித் துறைக்கும் இவ்வளவு ஆழமான அறிவியல் ஆய்வு கிடைத்தது அபூர்வம்.

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே கடலும் கண் திறந்தது. 1903இல் சலாபம் திரும்பியது. 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் எட்டுக் கோடிச் சிப்பி இறங்கியது. அரசாங்கத்துக்கு அந்த ஒரே பருவத்தில் சுமார் 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்தச் சூட்டோடு சூடாக 1906இல் லண்டன் முதலீட்டில் ஒரு கம்பனி முளைத்தது: சிலோன் கம்பனி ஒஃப் பேர்ல் ஃபிஷர்ஸ். வருடத்துக்கு 3,10,000 ரூபாய் குத்தகை என்று இருபது வருடத்துக்குப் பார்களை எடுத்தது. அறிவியலாளர் அதன் பக்கம் இருந்தார்கள். கணக்காளர், சட்டத்தரணிகள் இருந்தார்கள். முதலீட்டாளரிடம் காட்ட ஐந்து பாக அறிக்கையும் இருந்தது.

1907க்குப் பிறகு குளிக்கத் தகுந்த சிப்பி வரவில்லை. குத்தகை மட்டும் வருடா வருடம் வந்து நின்றது. 1912இல் கம்பனி கலைந்தது.

கடல் ஏமாற்றிவிட்டது என்று இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பார்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அரசாங்கப் பதிவேட்டிலேயே இருந்தது. நாலு வருடம் அள்ளிக் கொடுக்கும். பத்து வருடம் கையை விரிக்கும். ‘பெரிய பார்’ என்ற பாரில் இளஞ்சிப்பி தரம் தரமாக நிறைந்தும் குளிப்புக்கு வளராமலே அழிந்துபோனதை ஹெர்ட்மனே எழுதி வைத்தார். ஆகவே தகவல் இருந்தது, அறிவும் இருந்தது. இவ்வளவும் இருந்தும், நிலையில்லாத வருமானத்தின்மேல் நிலையான குத்தகையைக் கட்டினார்கள். இடர் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. அதை எந்த நிபுணரும் வெட்டவில்லை.

அதே சலாபத்தில் குளியாட்களின் ஒப்பந்தம் எப்படி இருந்தது? கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த அந்த மனிதர்களுக்கு நாட்கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவர்களுடையது, மிச்சம் அரசாங்கத்துடையது. சிப்பி நிறைந்தால் இரு பக்கமும் உயரும், குறைந்தால் இரு பக்கமும் தாழும். சிப்பி இல்லாத வருடத்தில் யாரும் யாருக்கும் கடனாளி இல்லை. கரைவலையிலும் இதே முறைதான்: வலைக்கு இவ்வளவு, வள்ளத்துக்கு இவ்வளவு, இழுத்தவனுக்கு இவ்வளவு என்று பிடிபட்டதிலிருந்து பங்கு பிரியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதிகம் எடுப்பார், உழைத்தவனுக்குக் குறைவாகப் போகும், அதில் அநியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் வருமானம் நிச்சயமில்லாத இடத்தில் செலவையும் நிச்சயமில்லாமல் கட்டவேண்டும் என்ற அடிப்படை விதி அந்தப் பங்கு முறைக்குள் இருக்கிறது. அந்த விதி தெரியாமல் போனது லண்டனில் கையெழுத்து வைத்தவர்களுக்கு.

இது பழைய கதை, இப்போது அப்படி நடக்காது என்று சொல்வீர்கள். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே செரியபாணி என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு நாட்டுத் தலைவர்களின் வாழ்த்து, பூமாலை, தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. பயணிகள் போதாமல் முதல் வாரத்திலேயே பயணங்களைக் குறைத்தார்கள். ஒக்டோபர் 20ஆம் திகதி, பருவமழை வருகிறது என்று சொல்லிச் சேவையையே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் வேறொரு கப்பல் வரும்வரை அந்தப் பாதை வெறுமையாகக் கிடந்தது. ஒக்டோபர் நடுவோடு சோளகக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று திரும்பும் என்பது இந்தக் கரையில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். அந்தச் சேவையைத் திட்டமிட்டவர்கள் ஒரேயொரு வள்ளக்காரனிடம் திகதியைச் சொல்லியிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை மறுபடி விடுவதைப் பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. 1914இல் தொடங்கி, 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்து, எண்பதுகளில் போரோடு நின்றுபோன பாதை அது. அதற்கான கூட்டங்களில் தலைமன்னார்த் துறையின் படகோட்டிகளுக்கு ஒரு கதிரை போடுவார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இனி, தனித்தனி இடர்களைப் பார்க்காமல் ஒரு தொழில் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது என்று இடர் முகாமைத்துவத் துறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கருத்துக்கு வருகிறேன். நல்ல கருத்துத்தான். 2009இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 31000 தரநியமமும் அதைத்தான் சொல்கிறது: இடர் முகாமைத்துவம் ஒரு தனிப் பிரிவின் வேலையல்ல, நிறுவனத்தின் எல்லா முடிவுகளிலும் கலந்திருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு மன்னாருக்கு வாருங்கள். இங்கே யார் முழுத் தொழிலையும் பார்க்கிறார்கள்? வங்கி அலுவலர் கடன் தவணையைப் பார்க்கிறார். காப்புறுதிக்காரர் படகைப் பார்க்கிறார். கடற்றொழில் திணைக்களம் அனுமதிப்பத்திரத்தையும் உயிர்காப்பு அங்கியையும் பார்க்கிறது. நண்டு வாங்கும் கம்பனி நண்டின் எடையைப் பார்க்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழும் இடம் ஒன்றுதான்: பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ இருக்கும் ஒரு வீடு. எஞ்சினுக்கு எடுத்த கடன், வலை வாங்க முதலாளி கொடுத்த முற்பணம், அந்த முற்பணத்துக்காக அவருக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டாயம், ஐஸ் விலை, மண்ணெண்ணெய், பிள்ளையின் ரியூசன் காசு, அடகுக்கடையில் இருக்கும் காப்பு. இவற்றை ஒரே கணக்கில் வைத்து ஒவ்வொரு இரவும் யோசிக்கிற ஒரு பெண் அந்த வீட்டில் இருக்கிறாள். முழுத் தொழிலையும் சேர்த்துப் பார்ப்பது அவளுக்கு வாழ்க்கை முறை. மண்டபத்தில் அவளைத்தான் மாணவியாக உட்காரவைக்கிறோம்.

2020 முதல் 2022 வரை மூன்று வருடத்தில் அந்த வீட்டின்மேல் விழுந்த மூன்று அடிகளைச் சொல்கிறேன். 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவிச் சந்தையை மூடினார்கள். நாட்டின் மொத்த மீன் வியாபாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சந்தைக்குள்ளால்தான் போய்க்கொண்டிருந்தது. மீனைத் தொடவே சனம் பயந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலை வந்தது. கடலில் மீன் இருந்தது, படகு பழுதில்லை, காற்று சரியாக இருந்தது. ஆனாலும் விற்க இடமில்லை.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மீனில் நஞ்சு இருக்கும் என்ற பயத்தில் மறுபடியும் விலை விழுந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. எங்கள் கரையில் அதற்குப் பெயர் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. சிறிய ஃபைபர் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. மாதக்கணக்காகக் கான்களோடு வரிசையில் நின்றார்கள். ஓகஸ்ட் 21ஆம் திகதி ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. கடலுக்குப் போய் வரும் செலவு மீன் விற்று வரும் காசைத் தாண்டியது.

இந்த மூன்று அடிகளையும் எந்த மீனவன் உண்டாக்கினான்? மூன்றுமே பெரிய நிறுவனங்களின் உள்ளே பிறந்தவை. அந்த நிறுவனங்களில் இடர் பற்றிப் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருங்கிணைந்த இடர் முகாமைத்துவக் குழு ஒன்று ஒவ்வொரு வர்த்தக வங்கியிலும் இருக்கவேண்டும் என்று மத்திய வங்கி 2007இலேயே பணிப்புரை விட்டது. குழுக்கள் அமைந்தன, கூட்டங்கள் கூடின, அறிக்கைகள் எழுதப்பட்டன. அப்படியிருந்தும் மொத்த நாடும் ஒரே சரிவில் போனது. அதற்குப் பிறகும் பயிற்சி போதாதவர் யாரென்று கேட்டால் கை தலைமன்னார்ப் பக்கம் நீள்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ல் விபத்தை மெதுவாகப் பார்க்கவேண்டும். கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல். உள்ளே 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக்கமிலம். பிளாஸ்ரிக் குருணை மட்டும் 1,680 தொன் அளவில். அமிலக் கொள்கலன் கசிவது தீப்பிடிப்பதற்கு ஒரு கிழமைக்கு மேல் முன்னரே கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் அந்தக் கொள்கலனை இறக்கிக்கொடுக்கவில்லை. கப்பல் கசிவோடு கொழும்புக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் பயிற்சி பெற்றவர் இருந்தார்: மாலுமிகள், முகவர்கள், துறைமுக அலுவலர், காப்புறுதியாளர். கப்பல் கம்பனிகள் பாதுகாப்பு முகாமைத்துவ முறையை எழுத்தில் வைத்திருக்கவேண்டும் என்ற சர்வதேச விதி 1998 முதல் நடப்பில் இருக்கிறது. கசியும் பெட்டியைத் தன் துறைமுகத்திலிருந்து அப்பால் அனுப்புவது அவரவர் பதிவேட்டின்படி சரியான முடிவு. தன் சிவப்புக் கட்டம் பச்சையானது, அடுத்தவனுடையது சிவப்பானது. கடைசியில் அந்தச் சிவப்பு போய்ச் சேர்ந்த இடத்தில் பதிவேடே இல்லை. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. கம்பனி அதற்கு உடன்படவில்லை. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னர், 2025 மே 25ஆம் திகதி, எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கரைக்கு வெளியே மூழ்கியது. ஜூன் மாதம் அதன் குருணைகள் மன்னார்க் கரை மணலில் வந்து ஒதுங்கின. இந்த இடரை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறீர்கள்?

அந்தக் கட்டத்தைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும், ஏனென்றால் அது அறிவியல் போலத் தோற்றம் தருகிறது. அரிதாக வரும் ஒன்றுக்கு 1, வந்தால் குடும்பத்தையே அழிக்கும் என்பதற்கு 5, பெருக்கினால் 5. அடிக்கடி வரும் சிறு தொல்லைக்கு 5, பாதிப்பு 1. பெருக்கினால் அதுவும் 5. ஐஸ் கரைவதும் படகு கவிழ்வதும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. லூயிஸ் அந்தனி கொக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2008இல் இதைக் கணித முறையில் எடுத்துக்காட்டினார். அரிதான இடர்கள் பெரிதாகவும் அடிக்கடி வருபவை சிறிதாகவும் இருக்கும் இடங்களில், இந்தக் கட்டம் தரும் வரிசை கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிட மோசமாகவும் போகலாம் என்றார். கடல் தொழில் அப்படிப்பட்ட இடம்தான். இதற்குப் பிறகும் எத்தனையோ வருடமாக அதே கட்டத்தை மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோகிறார்கள். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஒவ்வோர் இடரையும் தனித்தனிச் சதுரத்தில் அடைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றை இழுத்து வருவது தெரியாமல் போய்விடும். மண்ணெண்ணெய் ஏறினால் கடலுக்குப் போகும் நாள் குறையும். குறைந்தால் தவணை தவறும். தவறினால் முதலாளியிடம் இன்னும் முற்பணம். முற்பணம் கூடினால் மீனின் விலையை அவரே முடிவு செய்வார். நாலு சதுரங்களுக்கு இடையில் ஓடும் இந்தக் கோட்டைத் திரையில் நான் பார்த்ததில்லை.

கரையில் இருப்பவர்கள் இடரைத் திட்டமிடுவதில்லை என்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கிழமையில் மூன்று இரவு பாக்கு நீரிணைக்குள் வருகின்றன. அவை போகும் வழியில் கிடக்கும் வலை கிழிந்து போகும். ஒரு வலையின் விலை பல மாத உழைப்பு. ஆகவே அந்த இரவுகளில் எங்கள் ஆட்கள் பலர் வலை வைப்பதில்லை, அல்லது கரையோரமாகவே வைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் தமிழ்நாட்டில் தடைக்காலம். அப்போது கடல் அமைதியாகும், இங்கே உழைப்பைக் கூட்டுகிறார்கள். தகவல், நாட்காட்டி, பாதிப்பின் அளவு, மாற்று வழி எல்லாமே இதில் இருக்கின்றன. எந்த இடர் முகாமையாளரும் இதைவிடச் சுத்தமாகச் செய்ய முடியாது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை கிழமையில் மூன்று இரவு. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்தச் சட்டத்துக்கு எல்லையைத் தாண்டி வரும் படகை நிறுத்தும் பலம் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவனைக் கூப்பிட்டு, உன் இடரைக் குறைக்க நீ என்ன செய்யலாம் என்று கேட்பது, பிறர் செய்யவேண்டிய வேலையை அவன் தலையில் கட்டுவதாகும்.

காற்றாலை விவகாரத்திலும் இதே குருட்டுத்தனம்தான். தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது; மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள். அடுத்து அதானி கம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்தோடு வந்தது. கேள்விப்பத்திரம் கோராமலே கொடுத்த திட்டம், இருபது வருடத்துக்கு ஓர் அலகு 8.26 அமெரிக்க சதம், பறவைகளின் வலசைப் பாதையில் காற்றாலை, கரைவலைப் பாடுகளுக்குப் பக்கத்தில் கட்டுமானம். வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஜனவரியில் புதிய அரசாங்கம் விலையை மீளாய்வுக்கு எடுத்தது. பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. உலகம் முழுக்கத் திட்டம் நடத்தும் கம்பனிக்கு இடர் மதிப்பீட்டாளர்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஆனால் மக்களின் சம்மதம் இல்லாத திட்டம், ஆட்சி மாறினால் நிற்காது என்ற மிகச் சாதாரணமான இடர் உரிய எடையைப் பெறவில்லை. அதே வருடம் ஓகஸ்ட்டில், வேறு காற்றாலைத் திட்டங்களை எதிர்த்தும் இல்மனைட் மணல் அகழ்வை எதிர்த்தும் மன்னார்ச் சனம் வீதிக்கு வந்தது. அதைச் சிலர் அறியாமை என்றார்கள். மழைத் தண்ணீர் எந்த வழியாக வடியும், மணலைத் தோண்டினால் கிணற்றுக்குள் உப்பு எப்படி வரும் என்று கேட்டவர்களை அறியாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு மறுப்பு இருக்கிறது, அது நேர்மையானது. அனுபவம் போதுமென்றால் உலகம் மாறும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், அனுபவம் மட்டும் போதாது. ஒரே நாளில் நாலு மடங்கு ஏறிய மண்ணெண்ணெய் எந்தப் பாட்டனின் அனுபவத்திலும் இல்லை. வடகடல் நண்டுக்கு முக்கியச் சந்தை அமெரிக்கா. 2025 ஏப்ரலில் வொஷிங்டன் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்ட்டில் 20 வீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வாடையும் சோளகமும் தெரிந்தவனுக்கு அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எங்கள் சங்கங்கள் பலவற்றில் கணக்குப் புத்தகம் ஒழுங்கில்லை. சேமிப்பு நிதியை யார் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று எழுதாத இடங்கள் உண்டு. காப்புறுதிப் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, நட்டம் வந்தபின் விலக்குகளை வாசித்து அழுதவர்களும் உண்டு. ஆகவே பயிற்சி வேண்டும். இப்போது கொடுப்பதைவிட நிறைய வேண்டும், கடினமானதாக வேண்டும்.

ஆனால் அந்தப் பயிற்சி எதைச் சொல்லவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்: நிலையான செலவு எது, நட்டம் வந்தால் யார் தலையில் விழும், விலையை முடிவு செய்வது யார். இந்தக் கரையில் நடந்த நட்டங்களை வருடம் வருடமாக எழுதிச் சேர்த்து, அதையே பாடப்புத்தகம் ஆக்குங்கள். ஒரே வியாபாரியிடம், ஒரே சந்தையிடம், ஒரே எரிபொருளிடம் தொழிலை முழுவதும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேலியகொடவைக் காட்டுங்கள். சங்கத்துக்கு எத்தனை மாதக் கையிருப்பு வேண்டும் என்று ஒவ்வொரு சங்கமும் தன் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். இது ஒரு பகல் வேலையல்ல. பருவத்துக்குப் பருவம் திரும்பி வந்து பார்க்கவேண்டிய வேலை.

அதைவிட முக்கியமாக, கதிரையில் யார் உட்காருகிறார் என்பதை மாற்றவேண்டும். தெரிந்தும் பேச முடியாத இடத்தில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. பிரித்தானியாவில் எச்பிஒஎஸ் வங்கியின் ஒழுங்குமுறை இடர்ப் பிரிவுத் தலைவர் போல் மூர், வங்கி அளவுக்கு மீறி வேகமாக வளர்கிறது என்று எச்சரித்தார். 2004இல் அவர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். நாலு வருடத்தில் அந்த வங்கி விழுந்து, அரச பணத்தால் காப்பாற்றப்பட்டது. 2009இல் அவர் நாடாளுமன்றக் குழுவுக்குச் சாட்சியம் கொடுத்தபோதுதான் நாடு கேட்டது. அவருக்குப் பயிற்சி இருந்தது, பதவி இருந்தது, சொல்லும் துணிவும் இருந்தது. நிறுத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. அந்த அதிகாரம் அவருக்கே இல்லையென்றால், தலைமன்னார் ஊர்மனையில் சங்கச் செயலாளராக இருக்கும் ஒரு பெண் சான்றிதழை வைத்துக்கொண்டு எதை நிறுத்தப்போகிறாள்?

ஆகவே சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அழைப்புக் கடிதம் வரும்போது உடனே பெயர்ப்பட்டியல் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நிபந்தனை வையுங்கள். வகுப்பு தலைமன்னார்த் துறையில் நடக்கவேண்டும். வங்கியின் கடன் அலுவலர், நண்டுக் கம்பனியின் கொள்வனவாளர், மின்சார சபையின் திட்டப் பொறியியலாளர் மூவரும் முதல் நாள் முழுவதும் மாணவராக இருந்து, நீங்கள் சொல்லும் நட்டக் கணக்கைக் கையால் எழுதவேண்டும். இரண்டாம் நாள் முடிவில், இந்தக் கரையைப் பாதிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் உங்கள் சங்கத்தின் எழுத்து மூல சம்மதம் வேண்டும் என்று அவர்கள் தங்கள் தலைமையகத்துக்கு எழுதும் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பயிற்சிக்குப் போகாதீர்கள். அந்த நாளில் கடலுக்குப் போங்கள்.